பேரம் பேசக் கூச்சப்படலாமா?

(மாணவி, மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல்)

‘என்ன விலை?’ என்று கேட்க நாம் யாரும் தயங்குவதில்லை. ‘ஏன் இந்த விலை?’ என்று கேட்கத்தான் நமக்கு நா எழுவதில்லை.

தெருவில் கீரைக் கூடையைச் சுமந்து வரும் பாட்டியிடம் இருபது ரூபாய்க் கட்டைப் பதினைந்துக்குக் கேட்போம். ‘கட்டுப்படியாகாது தாயி’ என்று அவள் கூடையைத் தலையில் ஏற்றினாலும் விடமாட்டோம். அதே நாம், கண்ணாடிக் கதவைத் திறந்து குளிர்சாதனம் ஓடும் கடைக்குள் நுழைந்து, மெத்தை இருக்கையில் அமர்ந்து, அவர்கள் தரும் காப்பியைக் குடித்துவிட்டால் போதும், வாயடைத்துப் போகிறோம். ஐந்து ரூபாய்க்கு வாதாடியவர்கள் ஐம்பதாயிரம் ரூபாயை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இது பெருந்தன்மையா? கூச்சமா? அறியாமையா? பொருளியல் பயிலும் மாணவி என்ற முறையில் இந்தக் கேள்வியை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொண்டது பழைய கார் வியாபாரம்.

சிரிக்காதீர்கள். ‘அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் நமக்கும் காருக்கும் என்ன உறவு? நமக்குப் பேருந்துப் பயண அட்டையே பெரிது’ என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் பழைய காரை வாங்குகிறவர்கள் யார்? பணம் மிகுந்தவர்கள் புதுக் கார் வாங்கிக்கொள்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியை எடுத்தும், நகையை அடகு வைத்தும், தவணைக் கடன் வாங்கியும் பழைய கார் வாங்குகிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஏமாந்தால் தாங்க முடியாதவர்கள்தாம் ஏமாறும் வாய்ப்பு மிகுந்த கடைக்குப் போகிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டியவர். எஞ்சின் ஓசையை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். எங்கள் அப்பாயிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை திருச்சிக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்குப் போக வேண்டிய நிலை வந்தது. பேருந்தில் ஏற்றி இறக்கும்போது அப்பாயி படும் பாட்டைக் காணப் பொறாமல், ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்குவது என்று அப்பா முடிவு செய்தார். அது 2023ஆம் ஆண்டு ஆனி மாதம். ஆடி பிறந்துவிட்டால் வண்டி எடுக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

கடைக்குள் நாங்கள் நுழைந்ததும் அங்கிருந்த இளைஞர் அன்பொழுகக் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“அண்ணே, வண்டி எப்ப வேணும்?”

“ஆடிக்கு முன்னாடி எடுத்துடணும் தம்பி. எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

அந்த ஒரு மறுமொழியில் எங்கள் கையிலிருந்த துருப்புச் சீட்டு முழுவதும் மேசைமேல் விழுந்துவிட்டது. எங்களுக்கு வண்டி கட்டாயம் தேவை என்பதும், காத்திருக்க எங்களால் இயலாது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டன. அவரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை.

2014ஆம் ஆண்டு சுவிஃப்ட் கார் ஒன்றைக் காட்டினார்கள். விலை 3,85,000 ரூபாய் என்றார்கள். அப்பா எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், திருப்தி. அரை மணி நேரம் பேசினார். இளைஞர் இருமுறை உள்ளே போய் ‘முதலாளியிடம் கேட்டு’ வந்தார். இறுதியில் 3,70,000 என்று முடிந்தது. பதினைந்தாயிரம் குறைத்துவிட்டோம் என்று வழியில் அனைவருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார் அப்பா.

பின்னர் கணக்கு வந்தது. நான்கு டயர்களும் பழையவை. மாற்ற 18,000 ரூபாய். காப்பீடு இன்னும் இருபது நாளில் முடிய இருந்தது. புதுப்பிக்க 9,000 ரூபாய். ‘பேப்பர் செலவு’ என்று கடைக்காரர் தனியே வாங்கியது 6,500 ரூபாய். ஆக 33,500 ரூபாய். நாங்கள் குறைத்ததாக மகிழ்ந்த தொகை 15,000; கூடுதலாகச் செலவிட்டது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பால்கோவாவின் இனிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்கமாட்டேன். முந்தைய உரிமையாளர் வாங்கியிருந்த வங்கிக் கடன் அடைபட்டிருந்தும், ஆர்.சி. புத்தகத்தில் அது நீக்கப்படவில்லை. வங்கியின் தடையின்மைச் சான்று கடைக்காரரிடம் இல்லை. பெயர் மாற்றத்துக்கு நான்கு மாதம் அலைந்தோம். அந்த நான்கு மாதமும் வண்டியும் காப்பீடும் வேறொருவர் பெயரில். முப்பதாண்டு காலம் பேருந்தை அஞ்சாமல் ஓட்டிய என் தந்தை, தன் தாயைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு, எங்கேனும் உரசிவிடுமோ என்ற நடுக்கத்தில் மாட்டு வண்டி வேகத்தில் திருச்சி சாலையில் போனதை நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். அவருக்கு வண்டி தெரியும், வியாபாரம் தெரியவில்லை.

தாத்தாவின் சந்தை

இதைக் கேள்விப்பட்ட அப்பாயி, ‘உங்க தாத்தா இருந்திருந்தா இப்படி நடக்குமா?’ என்றார். அது வெறும் அங்கலாய்ப்பு என்றே முதலில் எண்ணினேன். எண்ணிப் பார்க்கையில் அது ஒரு பாடம் என்று விளங்கியது.

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிப்பதில் தாத்தா பெயர் பெற்றவராம். மாட்டின் வாயைத் திறந்து கீழ்வரிசைப் பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்பதில் வயது தெரிந்துவிடும். விற்பவன் சொல்லும் வயது தேவையில்லை. சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். தன் நிலம் உழவுக்குக் காத்திருக்கிறது என்பதை மட்டும் தரகனிடம் மூச்சுவிடமாட்டார். விலை பேசும்போது துண்டுக்கடியில் கைகோத்து விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அடுத்தவருக்கு அந்த விலை தெரியாது. படியவில்லையா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டிடம் போய்விடுவார். சந்தை முடிவதற்குள் தரகன் தேடி வருவான். வராவிட்டால் அடுத்த வாரச் சந்தை இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா மாட்டுச் சந்தையில் செய்த நான்கையும் படித்த நாங்கள் கார்க் கடையில் செய்யவில்லை. பொருளைத் தானே சோதிப்பது, தன் அவசரத்தை மறைப்பது, தன் மனத்திலுள்ள எல்லையைக் கடக்காதிருப்பது, படியாவிட்டால் எழுந்து நடப்பது: பேரக்கலை முழுவதும் இந்த நான்கில் அடங்கிவிடுகிறது. குரலை உயர்த்துவதும் கெஞ்சுவதும் அதில் சேரா.

எலுமிச்சைப் பொருளியல்

நம் ஊரில் கார் வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து ஏற்றுகிறோம். அமெரிக்கர்களோ ஓட்டைக் காரையே ‘எலுமிச்சை’ என்று கேலி செய்கிறார்கள். அந்தச் சொல்லைத் தலைப்பிலே வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலறிஞர் 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் அதை ஏற்க மறுத்திருந்தன. நான்காவது இதழில் வெளிவந்த அக்கட்டுரை தொடங்கிவைத்த ஆராய்ச்சிக்காகவே 2001ஆம் ஆண்டு ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அவர் சொன்னதை நம் கணக்கில் சொல்கிறேன். ஊரில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி நல்லவை, பாதி மோசமானவை என்று வைத்துக்கொள்வோம். நல்ல கார் 4,00,000 ரூபாய் பெறும். மோசமானது 2,00,000 பெறும். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் நடுத்தரமாக 3,00,000 கொடுக்க முன்வருவார். நல்ல கார் வைத்திருப்பவர், ‘நாலு லட்சம் பெறுமான வண்டியை மூன்றுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று விற்காமல் இருந்துவிடுவார். மோசமான கார் வைத்திருப்பவர் ஓடோடி வருவார். நாளடைவில் சந்தையில் நிற்பவை மோசமான வண்டிகளே. இதை உணர்ந்ததும் வாங்குபவர் இன்னும் குறைத்துக் கேட்பார். இறுதியில் நல்ல வண்டி விற்பவருக்கும் இழப்பு, நல்ல வண்டி தேடுபவருக்கும் இழப்பு.

இந்தக் கோட்பாட்டிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்று உண்டு. பழைய கார் பேரத்தில் இரு தரப்பும் போராடுவது வெறும் பணத்துக்காக அன்று, தகவலுக்காக. நாம் அறிந்துகொள்ளும் ஒவ்வோர் உண்மையும் விலையில் இறங்கும். அறியாமல் விடும் ஒவ்வொன்றும் நம் மடியில் விழும்.

முதலில் சொல்லப்படும் எண்

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலறிஞர்கள் 1974இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஓர் எண்ணைக் காட்டியபின், ‘ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு?’ என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 வந்ததைப் பார்த்தவர்களின் நடுத்தர விடை 25. 65 வந்ததைப் பார்த்தவர்களின் நடுத்தர விடை 45. சக்கரத்துக்கும் ஐ.நா. அவைக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆயினும் முதலில் காதில் விழுந்த எண் மனத்தைக் கட்டிப்போட்டுவிட்டது.

3,85,000 என்று கடைக்காரர் சொன்ன உடனே எங்கள் மனமும் அந்த முளையில் கட்டுண்டுவிட்டது. அதிலிருந்து எவ்வளவு குறைக்கலாம் என்றுதான் பேசினோம். அந்த வண்டி உண்மையில் எவ்வளவு பெறும் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. 4,20,000 என்று சொல்லியிருந்தால் 4,00,000க்கு முடித்து, இருபதாயிரம் குறைத்தோம் என்று இன்னும் அதிகமாகவே மகிழ்ந்திருப்போம்!

ஆகவே கடைக்குப் போகுமுன்பே நம் எண் நம்மிடம் இருக்க வேண்டும். அதே ஆண்டு, அதே வகை, ஏறத்தாழ அதே தூரம் ஓடிய மூன்று நான்கு வண்டிகளின் விலையை வேறு கடைகளிலும், விளம்பரங்களிலும், அறிந்தவர்களிடமும் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் தருவதில்லை என்பதையும் அதன் அடியில் எழுதிவிட வேண்டும். மனத்தில் வைத்திருக்கும் எல்லை காப்பி குடித்ததும் கரைந்துபோகும். தாளில் எழுதிய எல்லை கரையாது.

தவணை என்னும் மாயக்கண்ணாடி

விலையில் பிடிகொடுக்காதவர்களைக் கடைக்காரர் தவணைப் பக்கம் திருப்புவார். ‘விலைய விடுங்க அண்ணே, மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்க’ என்பார். கேட்க இதமான கேள்விதான். கணக்கைப் பாருங்கள்.

மூன்று லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு ‘ஃபிளாட்’ வட்டி, நான்கு ஆண்டு. வட்டி மட்டும் 1,20,000. மாதத் தவணை 8,750. ‘அதிகமாக இருக்கிறதே’ என்று தயங்கினால், ‘ஐந்து வருஷமாப் போட்டுடலாம், 7,500தான் வரும்’ என்பார். மாதம் 1,250 குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்து கையெழுத்திடுவோம். ஆனால் வட்டி 1,50,000 ஆகிவிட்டது. குறைத்ததுபோல் காட்டி 30,000 ரூபாய் கூட்டிவிட்டார்கள். அது மட்டுமா? ‘ஃபிளாட்’ என்றால் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் அந்த நான்காண்டுக் கடனின் உண்மை வட்டி 17 விழுக்காட்டுக்கும் மேல். எனவே விலையைத் தனியே முடித்துக்கொள்ளுங்கள். கடனைப் பிறகு வங்கியிலும் விசாரித்துத் தனியே பேசுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் கலக்கவிடாதீர்கள்.

கண்ணால் காண்பதும் காகிதத்தில் காண்பதும்

வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளப்புவதிலுள்ள கோளாறு நமக்குத் தெரியாதிருக்க முன்பே ஓடவிட்டிருக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். கால்மிதிக்கடியில் உள்ள விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் துருவும் மண்ணும் இருந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றதாக இருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை நீரில் மிதந்ததை நாம் மறக்கலாகாது. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைத் திருத்திவிட முடியும். சர்வீஸ் நிலையத்துப் பதிவோடு அதை ஒப்பிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போவது செலவன்று, சேமிப்பு.

அடுத்தது காகிதம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். எத்தனை ஆண்டு மிச்சம் என்று பார்க்க வேண்டும். கடன் நீக்கப்பட்டதா, அபராதம் பாக்கி உண்டா, எத்தனையாவது உரிமையாளர் என்பவற்றை அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்க்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் வண்டி கைமாறினால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. பெயர் மாறாமல் வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. நமக்கு விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு என்பதை எடுத்துச் சொன்னால், பெயர் மாற்றத்தை அவரே விரைவுபடுத்துவார்.

பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் வண்டி வாங்கியது அதற்குப் பின்னர்தான். ஆயினும் அந்தக் கடையில் அச்சான்று உண்டா என்று நாங்கள் கேட்கவே இல்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கேள்வி எங்கள் வாயில் இல்லை.

மாமாவுக்கு வண்டி வாங்கிய கதை

2025ஆம் ஆண்டு தை மாதம் திண்டுக்கல்லில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமா பழைய கார் வாங்க வேண்டும் என்றார். ‘நானும் வருகிறேன்’ என்று குறிப்பேட்டுடன் கிளம்பினேன். கடைக்காரர் மாமாவைப் பார்த்தே பேசினார். நான் கேட்ட கேள்விகளுக்கும் மாமாவைப் பார்த்தே விடை சொன்னார். நடுவில், “பாப்பா என்ன படிக்குது?” என்று மட்டும் கேட்டார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அன்று. அமெரிக்காவில் இயன் ஏர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோ வட்டாரத்துப் புதுக் கார்க் கடைகளுக்கு ஒரே மாதிரி பேசப் பயிற்றுவித்த ஆட்களை அனுப்பி ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது தெரியவந்தது. ஆளைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் கண்ணாடிக் கடைகளுக்குள்ளும் உண்டு. அதற்கு மருந்தாக நம் கையில் இருப்பது ஆளைப் பார்க்காத எண்கள்தாம்.

மாமா பார்த்த வேகன் ஆர் வண்டிக்கு 3,40,000 என்றார்கள். அதைப் போன்ற மூன்று வண்டிகள் 3,10,000 முதல் 3,25,000 வரை பிற இடங்களில் இருந்ததைக் குறித்து வைத்திருந்தேன். நாங்கள் அழைத்துச் சென்ற மெக்கானிக், இரண்டு டயருக்கு 8,000, கிளட்சுக்கு 9,000, பேட்டரிக்கு 4,500 ஆக 21,500 ரூபாய் வேலை இருக்கிறது என்றார். எங்கள் எல்லை, பெயர் மாற்றம் உட்பட 3,05,000. நாங்கள் 2,90,000 என்று தொடங்கினோம். கடைக்காரர் சிரித்தார். நான் குறிப்பேட்டை மேசைமேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சிரிப்பு நின்றது. 3,20,000 வரை இறங்கினார். “யோசிச்சுச் சொல்றோம்” என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்தோம். வாசல்வரை வந்ததும் மாமாவுக்கே மனம் தளர்ந்தது, “பதினஞ்சாயிரந்தானே தங்கம், முடிச்சிடலாமா?” என்றார். குறிப்பேட்டில் இருந்த எல்லையைக் காட்டினேன்.

நான்காம் நாள் தொலைபேசி வந்தது. 3,05,000 ரூபாய்க்கே பெயர் மாற்றத்துடன் முடிந்தது. முன்பணம் பத்தாயிரம் மட்டும், ரசீதுடன். மீதி, காகிதம் எல்லாம் கண்ணால் கண்டபின். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. புறப்படும்போது அந்தக் கடைக்காரர், “இனிமே பாப்பாவக் கூட்டிட்டு வராதீங்க சார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு மறுப்புகள்

‘பேரமே நாகரிகக் குறைவு, ஒரே விலை என்பதல்லவா வளர்ந்த சமுதாயத்துக்கு அழகு?’ என்று கேட்போர் உண்டு. ஒரே அச்சில் வார்த்த சோப்புக் கட்டிக்கு ஒரே விலை பொருந்தும். ஒரே நாளில் தொழிற்சாலையைவிட்டு வந்த இரண்டு கார்கள் பத்தாண்டு கழித்து ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று மருத்துவர் வீட்டு நிழலில் நின்றது; மற்றொன்று மலைப்பாதையில் பாரம் சுமந்தது. ஒவ்வொன்றின் வரலாறும் வேறு. ஆகவே விலையும் பேசித்தான் தீர வேண்டும். பேச்சே வேண்டாம் என்றால் வண்டியின் உண்மை நிலையை எழுதி வெளியில் ஒட்டட்டும். அமெரிக்காவில் 1985 முதல், விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு பழைய காரின் சன்னலிலும், உத்தரவாதம் உண்டா, உள்ளது உள்ளபடி விற்பனையா என்பதை எழுதி ஒட்ட வேண்டும் என்று விதி உள்ளது. வண்டி ஓடிய தூரம், பட்ட அடி, மாற்றிய உறுப்பு, கடன் நிலை ஆகியவற்றைச் சேர்த்து இங்கும் அப்படி ஒரு தாள் கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் மிகுதியாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடுக்காமலும் வாணிகம் செய்ததாகப் பட்டினப்பாலை போற்றுகிறது. அந்த மரபுக்கு உரியவர்கள் ஒரு தாள் ஒட்டத் தயங்கலாமா?

‘வியாபாரியும் பிழைக்க வேண்டாமா?’ என்பது இரண்டாவது மறுப்பு. வேண்டும்; கட்டாயம் பிழைக்க வேண்டும். அவர் வண்டியை வாங்கிய விலை, பழுது பார்த்த செலவு, கடை வாடகை, முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டி, நியாயமான இலாபம் ஆகிய அனைத்தும் விலையில் இருக்கத்தான் செய்யும். அவரும் யாரிடமோ ஏமாந்து அந்த வண்டியை வாங்கியிருக்கலாம். ஆகவே அவரை அவமதிக்கும்படி ஒரு சொல்லும் சொல்லலாகாது. உழைப்புக்குரிய இலாபத்தை நாம் மறுக்கவில்லை. நம் அறியாமைக்கென்று தனியே ஒரு கட்டணம் போடுகிறார்களே, அதைத்தான் மறுக்கிறோம்.

இனி அந்தக் கீரைக்காரப் பாட்டியிடம் திரும்புவோம். அவள் கட்டில் மறைவு ஒன்றுமில்லை. வாடியிருந்தால் நம் கண்ணுக்கே தெரியும். அவளுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத இரகசியம் எதுவும் அந்தக் கூடையில் இல்லை. நம்மைவிட அதிகம் அறிந்தவரிடம் பேரம் பேசுங்கள். நம்மைவிடக் குறைவாக உடையவரிடம் பேசாதீர்கள். இதுவே நான் கண்ட நீதி. இன்று நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டில் ஒரு பத்திரம் வந்தாலும், ஒரு கடன் படிவம் வந்தாலும் ‘நீதான் படித்தவன், பார்த்துச் சொல்’ என்று நம்மிடம் நீட்டுகிறார்கள். தேவை, அளிப்பு வளைகோடுகளைத் தேர்வுத் தாளில் பிழையின்றி வரைந்துவிட்டு, நம் தந்தையார் கையெழுத்திடும் தாளில் உள்ள வட்டிக் கணக்கைப் பார்க்கத் தெரியாவிட்டால் அந்தப் படிப்பால் வீட்டுக்கு என்ன பயன்? துறைதோறும் ஆண்டுக்கு ஒரு நாளாவது, கடன் பத்திரம், காப்பீடு, வாகனப் பதிவு இவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியை நடத்தும்படி ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.

எங்கள் அப்பாயி இப்போதும் வாரம் இருமுறை அதே காரில்தான் போய் வருகிறார். ஆர்.சி. புத்தகத்தில் அப்பாவின் பெயர் ஏறிவிட்டது. அப்பாவும் பழையபடி துணிந்து ஓட்டுகிறார். ஆனால் யாராவது ‘வண்டி என்ன விலைக்கு எடுத்தீங்க?’ என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார். அந்த மௌனத்தின் விலை எந்தக் கணக்கிலும் வராது. உங்கள் தந்தையார் அவ்வாறு மௌனமாகிவிடாமல் இருக்க வேண்டுமானால், அடுத்தமுறை அவர் கடைக்குக் கிளம்பும்போது ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களும் உடன் செல்லுங்கள். ‘ஏன் இந்த விலை?’ என்று நிமிர்ந்து கேளுங்கள்.